வெளியே கெட்டிக்காரர், உள்ளே படபடப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலையில் கெட்டி, வீட்டுப் பொறுப்பைத் தட்டாமல் செய்பவர், நாலு பேர் யோசனை கேட்டு வரும் ஆள். ஆனால் ராத்திரி படுத்தால் மனசு அடித்துக்கொண்டே இருக்கும், அதை யாரிடமும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வங்கி அதிகாரி. பல வருடம் அப்படித்தான் இருந்தேன், பிறகு சிகிச்சை எடுத்துக்கொண்டேன், இப்போது நன்றாக இருக்கிறேன். டாக்டர் அல்ல. நான் சிகிச்சை எடுத்தது தெரிந்ததும் கூட வேலை செய்பவர்களும் உறவுக்காரர்களும் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர்கள் கேட்டவைதான் கீழே இருக்கும் கேள்விகள்.

இது உண்மையிலேயே ஒரு நோயா, இல்லை இணையத்தில் கிளப்பிவிட்ட பேரா?

'ஹை ஃபங்ஷனிங் ஆங்ஸைட்டி' என்றுதான் இணையத்தில் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பெயரில் ஒரு நோய் மருத்துவக் கையேடுகளில் கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 கையேட்டிலும் இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 பட்டியலிலும் இல்லை.

அதனால் இது வெறும் கதை என்று தள்ளிவிடாதீர்கள். இப்படித் தவிப்பவர்கள் டாக்டரிடம் போனால், பலருக்குப் பொதுவான பதற்றக் கோளாறு என்று கண்டுபிடிக்கிறார்கள். அதற்கு டி.எஸ்.எம். சொல்லும் அளவுகோல் இதுதான்: பல விஷயங்களைப் பற்றிய அதீதக் கவலை, குறைந்தது 6 மாதமாக, பெரும்பாலான நாட்களில், நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமல் இருக்க வேண்டும். கூடவே நிலைகொள்ளாமை, சீக்கிரம் களைத்துப்போவது, கவனம் சிதறுவது, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கோளாறு ஆகிய ஆறில் மூன்றாவது இருக்க வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வேலை கெட்டுப்போனால்தான் நோய் என்று அந்தக் கையேடு சொல்லவில்லை. உள்ளுக்குள் படும் வேதனை கடுமையாக இருந்தாலே போதும். "நான்தான் ஆபீஸ் போகிறேனே, டார்கெட் முடிக்கிறேனே, எனக்கென்ன?" என்று உங்களை நீங்களே திருப்பி அனுப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

உள்ளே எப்படி இருக்கும்?

என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். மண்டல அலுவலகத்துக்கு நாலு வரியில் ஒரு மெயில் அனுப்ப வேண்டும். எழுத இரண்டு நிமிஷம் ஆகும். 'தயவுசெய்து' என்று போட்டால் கெஞ்சுகிற மாதிரி இருக்குமோ, எடுத்துவிட்டால் திமிராகத் தெரியுமோ என்று அரை மணி நேரம் அந்த ஒரு வரியிலேயே போகும். அனுப்பின பிறகு நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. அனுப்பியதைத் திறந்து, அவர் வாசிக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு நானே வாசிப்பேன். ராத்திரி பல் தேய்க்கும்போது அதே வரி மறுபடி வந்து நிற்கும். பதில் ஒரே வார்த்தையில் வரும்: 'நோட்டட்'. கோபமாக இருக்கிறாரோ என்று அதற்கும் ஒரு ராத்திரி போகும்.

கிளையில் ஸ்ட்ராங் ரூம் சாவி எப்போதும் இரண்டு பேரிடம் இருக்கும். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் திறக்கவோ பூட்டவோ முடியும். நகைக்கடன் பாக்கெட்டுகளை எண்ணி, பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டு, பூட்டிவிட்டு பஸ் ஏறிய பிறகு, 'கடைசிப் பாக்கெட்டை உள்ளே வைத்தோமா?' என்று வயிற்றைப் பிசையும். வைத்தோம் என்று தெரியும். தெரிந்தும் அடங்காது.

மற்றவர்கள் சொல்லக் கேட்டது: ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததுமே திங்கட்கிழமை தொடங்கிவிடும். ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே எழும்பூரில் போய் உட்காருவார்கள். போனில் பேசுவதற்கு முன்னால் என்ன பேசுவது என்று பேப்பரில் எழுதி வைத்துக்கொள்வார்கள். மேலதிகாரியிடமிருந்து 'ஃப்ரீயானதும் வந்து பாருங்க' என்று வாட்ஸ்அப் வந்தால், கதவைத் தட்டுவதற்குள் வேலை போய், வீட்டுக் கடன் தவணை நின்று, பிள்ளையின் படிப்பு நிற்பது வரை மனசு ஓட்டிப் பார்த்துவிடும். உள்ளே போனால் அவர் லீவு லிஸ்ட் கேட்பார்.

எல்லாருக்கும் டென்ஷன் இருக்கத்தானே செய்கிறது?

இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆடிட் வருகிறது என்றால் யாருக்கும் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கும். காரணம் போனதும் டென்ஷனும் போகிறதா என்று பாருங்கள். ஆடிட் நல்லபடியாக முடிந்த அன்று மற்றவர்கள் பிரியாணி ஆர்டர் பண்ணும்போது, நமக்கு அடுத்த கவலை வரிசையில் வந்து நிற்கிறது என்றால், அது ஆடிட்டால் வந்த டென்ஷன் இல்லை.

டாக்டர்கள் பயன்படுத்தும் ஜி.ஏ.டி.-7 என்ற சின்ன கேள்வித்தாளும் உதவும். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சரும் சகாக்களும் 2006-ல் வெளியிட்டது. கடந்த இரண்டு வாரத்தில் பதற்றம், கவலையை நிறுத்த முடியாமை, ஆசுவாசம் கொள்ள முடியாமை, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற பயம் எல்லாம் எத்தனை நாள் இருந்தன என்று 7 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. 5 வந்தால் லேசானது, 10 நடுத்தரம், 15 கடுமை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. இது நோயை உறுதிசெய்யும் பரிசோதனை அல்ல, வாசல் வரை கொண்டுபோய் விடுவதுதான். ஒன்று சொல்ல வேண்டும்: நம்மைப் போன்றவர்கள் இதையும் குறைத்துத்தான் போடுவோம். 'பாதி நாட்களுக்கு மேல்' என்று டிக் பண்ணப்போய், 'அவ்வளவு இல்லை' என்று கை பின்வாங்கும். பின்வாங்காமல் போடுங்கள்.

இந்தப் பதற்றம்தான் என்னை ஓடவைக்கிறது. அது போய்விட்டால் நான் சோம்பேறியாகிவிடுவேனோ?

என்னிடம் பேசியவர்களில் பெரும்பாலானவர்கள் சுற்றி வளைத்து இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். வருடக்கணக்காக டாக்டரிடம் போகாமல் தள்ளிப்போட வைப்பதும் இந்தப் பயம்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் தொடங்கியது இது. பரீட்சைக்கு முன்னால் பயந்தோம், விழுந்து விழுந்து படித்தோம், மார்க் வந்தது. பயந்ததால்தான் மார்க் வந்தது என்று மனசு கணக்குப் போட்டு வைத்துக்கொண்டது. மார்க் வந்தது படித்ததால். பயம் கூடவே வந்தது, அவ்வளவுதான். பயப்படாமல் ஒரு பரீட்சை எழுதிப் பார்த்திருந்தால் இது அன்றைக்கே தெரிந்திருக்கும். அப்படி எழுதிப் பார்க்க நமக்குத் துணிவு வந்ததே இல்லை. வண்டி நகர்வது மாட்டின் பலத்தால், சாட்டையின் பலத்தால் இல்லை.

'கொஞ்சம் டென்ஷன் இருந்தால்தான் வேலை ஓடும்' என்பதற்கு ஆதாரமாக மேலாண்மை வகுப்புகளில் 1908-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றைக் காட்டுவார்கள். ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரு அமெரிக்கர்கள் செய்தது. அது சுண்டெலிகளுக்கு மின்அதிர்ச்சி கொடுத்துச் செய்த ஆய்வு. எளிய வேலையில் அதிர்ச்சி கூடக்கூட எலிகள் வேகமாகக் கற்றுக்கொண்டன. கடினமான வேலையில் ஓர் அளவைத் தாண்டியதும் தடுமாறத் தொடங்கின. கடன் விண்ணப்பத்தை அலசுவதும், கோட் எழுதுவதும், வகுப்பில் பாடம் நடத்துவதும் எந்த ரகம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் மனதில் வைத்துக் கையாளக்கூடிய விஷயங்கள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச இடத்திலும் பாதியைக் கவலை பிடித்துக்கொண்டால், வேலைக்கு மிச்சம் எவ்வளவு?

சிகிச்சைக்குப் பிறகு என் வேலை நின்றுபோகவில்லை. அனுப்ப வேண்டிய ஸ்டேட்மென்ட் எல்லாம் தேதிக்குப் போனது. மாறியது வேறு. கிளார்க் எழுதிக் கொண்டுவரும் கடிதத்தை முழுசாகத் திருத்தி எழுதாமல் கையெழுத்துப் போட முடிந்தது. 'எனக்கு இது தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்று மீட்டிங்கில் சொல்ல முடிந்தது. உங்கள் திறமை உங்களுடையது. பதற்றத்துக்கு அதில் பங்கு கொடுக்காதீர்கள்.

ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல் என்கிறார்கள். ஆனால் நெஞ்சு அடித்துக்கொள்வது நிஜமாகத்தானே இருக்கிறது?

நிஜம்தான். ஆபத்து வருகிறது என்று மூளை நினைத்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலோட்டமாக ஓடும், தசைகள் இறுகும், செரிமானம் தடுமாறும். எதிரே பாம்பு இருந்தாலும் இன்பாக்ஸ் இருந்தாலும் உடம்புக்கு இது ஒரே மாதிரிதான் நடக்கும். கழுத்து வலி, தாடை இறுக்கம், தூக்கத்தில் பல்லைக் கடிப்பது, அடிக்கடி பாத்ரூம் ஓடுவது, 'கேஸ் டிரபிள்' என்று நாம் பேர் வைத்துக்கொண்டிருப்பது ஆகியவற்றில் பலவும் இதன் வேலையாக இருக்கலாம்.

ஆனால் நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, எடை குறைவு எல்லாம் வரும். ரத்தசோகையிலும் நெஞ்சு படபடக்கும். சில ஆஸ்துமா மருந்துகளும் படபடப்பைத் தரும். முதலில் ஒரு பொது மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், அடுத்ததாக மனசைப் பற்றிப் பேச வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். 'ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க' என்று திரும்பி வந்து, ஆறு மாதம் கழித்து வேறொரு ஆஸ்பத்திரியில் மறுபடி ஈசிஜி எடுக்கிறார்கள்.

யாராவது பாராட்டினால் சந்தோஷம் வருவதில்லை, பயம்தான் வருகிறது. ஏன்?

1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், படிப்பிலும் வேலையிலும் சாதித்த 150-க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றி எழுதினார்கள். பட்டமும் பதவியும் கையில் இருந்தும், 'என்னைத் தவறாக எடைபோட்டிருக்கிறார்கள், ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும்' என்றே அந்தப் பெண்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அதை 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' என்கிறார்கள். பெண்களுக்கு மட்டும் வருவதில்லை என்பது பிறகு தெரிந்தது. இதுவும் நோய்ப் பட்டியலில் கிடையாது, ஆனால் பதற்றத்தோடு கைகோத்து வரும்.

குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்தவர்களிடம் இதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஊரே உங்களைக் காட்டி 'அவனைப் பார்த்துக் கத்துக்கோ' என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, தடுக்கி விழ உங்களுக்கு உரிமையே இல்லை என்று ஆகிவிடுகிறது. பாராட்டு வந்தால், அடுத்த முறையும் இதே உயரத்தைத் தாண்ட வேண்டுமே என்றுதான் காதில் விழுகிறது.

இவ்வளவு இருந்தும் வீட்டில் ஒருவருக்குக்கூட ஏன் தெரியவில்லை?

தெரியாமல் பார்த்துக்கொண்டது நாம்தான். அதிலும் நாம் கெட்டிக்காரர்கள். குழந்தைக்கு ஹோம்வொர்க் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்துக்கொண்டே உள்ளே வேறு ஒரு படம் ஓட்டத் தெரியும். 'அவளுக்கென்ன, எல்லாத்தையும் சமாளிச்சுடுவா' என்று பேர் வாங்கியாயிற்று. சமாளிப்பவரை உட்கார வைத்து 'நீ எப்படி இருக்கிறாய்?' என்று யாரும் கேட்பதில்லை. டாக்டரும் கேட்பதில்லை: உடை சுத்தம், பேச்சு தெளிவு, நேரத்துக்கு வந்திருக்கிறார், இவருக்கு என்ன இருக்கப்போகிறது?

இந்தி நடிகை தீபிகா படுகோன் 2015-ல் தன் மனச்சோர்வையும் பதற்றத்தையும் பற்றி வெளிப்படையாகப் பேசியபோது பலரும் ஆச்சரியப்பட்டது இதனால்தான். அதற்கு முந்தைய ஒன்றிரண்டு வருடங்கள் அவருக்குப் படங்கள் வரிசையாக ஓடிய காலம். அந்தக் காலத்துக்குள்தான் இதுவும் இருந்தது.

பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்களின் பங்கு நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது. காசு, தூரம், ஊர் வாய் என்று காரணங்கள் நிறைய. வெளியே எந்த அடையாளமும் இல்லாதவர்களுக்கு அந்தக் காரணங்களோடு இன்னொன்றும் சேர்கிறது: சந்தேகப்படக்கூட யாரும் இல்லை. ஆகவே, நீங்களாக வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. இது அநியாயம்தான். ஆனாலும் சொல்லுங்கள்.

சரி, யாரைப் பார்ப்பது? போய் என்ன சொல்வது?

சைக்யாட்ரிஸ்ட் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர், மருந்து எழுதலாம். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் பேச்சு வழி சிகிச்சை தருபவர், மருந்து எழுத முடியாது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். தயங்காமல் கேட்கலாம். வாரக் கடைசி வகுப்பு முடித்துவிட்டு 'மைண்ட் கோச்' போர்டு மாட்டியிருப்பவர்களிடம் காசைக் கொட்டாதீர்கள்.

செலவு பயமாக இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது. சென்னையில் 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று அந்த ஊர்ப் பேரையே கேலியாக்கி வைத்ததில் எத்தனை பேர் டாக்டரிடம் போகாமல் நின்றார்களோ என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனசு வலிக்கிறது. முதலில் போனில் பேசிப் பார்க்கலாம் என்றால், மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

என்ன சொல்வது என்பதுதான் முக்கியம். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில் 'ஒண்ணுமில்லை டாக்டர், கொஞ்சம் ஸ்ட்ரெஸ்' என்று சிரித்துவிடுவோம். அவரும் விட்டமின் எழுதி அனுப்பிவிடுவார். அதனால் வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள். ராத்திரி எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, எத்தனை தடவை சரிபார்க்கிறீர்கள், எவற்றையெல்லாம் தவிர்க்கிறீர்கள், எவ்வளவு காலமாக இப்படி என்று எழுதுங்கள். முதல் வரியாக இதைச் சொல்லுங்கள்: 'டாக்டர், வெளியே நான் நன்றாக இருப்பது போலத் தெரியும். உள்ளே நன்றாக இல்லை.' பேச வரவில்லை என்றால் பேப்பரைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

பேச்சு வழி சிகிச்சை என்றால் என்ன? பேசினால் போய்விடுமா?

வெறுமனே மனம் விட்டுப் பேசுவது இல்லை. பதற்றத்துக்கு அதிகம் பயன்படுவது சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை) என்ற முறை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் வளர்த்தெடுத்தது. எண்ணத்தை எழுத வேண்டும், அது உண்மையா என்று நடைமுறையில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

எனக்குக் கொடுத்த வீட்டுப்பாடங்களில் ஒன்று: மெயிலை ஒரே தடவை வாசித்து அனுப்ப வேண்டும், அனுப்பியதைத் திறக்கக் கூடாது. அனுப்பும் முன் ஒரு நோட்டில் 'என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்' என்று எழுத வேண்டும். சாயங்காலம் பக்கத்துக் கட்டத்தில் 'என்ன நடந்தது' என்று எழுத வேண்டும். முதல் கட்டத்தில் 'திமிர் பிடித்தவள் என்று நினைப்பார்' என்று எழுதினேன். இரண்டாவது கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை, அவர் கேட்டிருந்த கோப்பு எண்ணைத்தான் எழுதினேன். முதல் வாரம் கை பரபரத்தது. பக்கங்கள் கூடக்கூட இடது கட்டத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதுதான் பயத்துக்குத் தீனி. பத்து தடவை பார்த்தேன், தப்பு நடக்கவில்லை. உடனே மனசு 'பத்து தடவை பார்த்ததால்தான் நடக்கவில்லை' என்று முடிவு செய்துகொள்கிறது. ஒரே தடவை பார்த்தும் தப்பு நடக்காததை அது கண்ணால் பார்க்க வேண்டும்.

இன்னொரு முறை, கவலைக்கென்று நேரம் ஒதுக்குவது. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கின் குழுவினர் 1983-ல் எழுதியது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து கவலைப்பட வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால் குறித்துவைத்துக்கொண்டு அந்த நேரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். கேட்கும்போது விளையாட்டாகத் தோன்றும். செய்து பாருங்கள், படுக்கை நேரத்தில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மாத்திரை எடுத்தால் அடிமையாகிவிடுவோம் என்கிறார்களே?

இரண்டு ரக மருந்துகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் பயம் இது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. ரகத்தில் எஸிடலோபிராம், செர்ட்ரலின் போன்றவை வருகின்றன. இவை போதை தருவதில்லை, மேலும் மேலும் வேண்டும் என்று ஏங்க வைப்பதும் இல்லை. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் சில நாட்களில் குமட்டலோ சற்றுக் கூடுதல் படபடப்போ வரலாம். அதைப் பார்த்துப் பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள், டாக்டரிடம் சொன்னால் சரிசெய்வார். நன்றாக ஆன பிறகும் பொதுவாக 6 முதல் 12 மாதம் தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போது படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

அல்பிரஸோலம், குளோனஸிபாம் போன்றவை வேறு ரகம். அரை மணி, ஒரு மணி நேரத்தில் ஆளை அமைதிப்படுத்தும். தொடர்ந்து எடுத்தால் பழக்கமாகிவிடும். குறுகிய காலத்துக்கு, டாக்டர் கண்காணிப்பில் மட்டும் எடுக்க வேண்டும். அல்பிரஸோலம் எச்-1 அட்டவணையில் உள்ள மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைக் கடையில் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். தெரிந்த மெடிக்கல் ஷாப் அண்ணனிடம் 'தூக்கம் வரலை, ஏதாவது குடுங்க' என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவதை இன்றே நிறுத்துங்கள். வெகுநாளாக எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் போங்கள், சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். இன்டர்வியூவுக்கு முன்னால் நண்பர் கொடுத்தார் என்று, இதயத்துடிப்பைக் குறைக்கும் புரோபிரனலால் மாத்திரை போடுவதும் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

லேசான பதற்றத்துக்குப் பேச்சு சிகிச்சை மட்டுமே போதலாம். கடுமையாக இருந்தால் இரண்டும் சேர்த்துத் தருவார்கள். எது வேண்டும் என்பதை டாக்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

தியானம், யோகா, காபி?

மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் இதயத்துடிப்பு நிதானமாகும், இது உடனே கைகொடுக்கும். தினமும் நடப்பதும் உடற்பயிற்சியும் பதற்றத்தைக் குறைக்கும். காபியில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், அதனால் சாயங்கால டிகிரி காபி ராத்திரி வரை உடம்பில் நிற்கும். சாராயம் அப்போதைக்கு அமைதி தரும், மறுநாள் காலையில் படபடப்பை இரட்டிப்பாக்கும். தியானத்தையும் 'நான் சரியாகச் செய்கிறேனா?' என்று பரீட்சை மாதிரி ஆக்கிக்கொள்ளாதீர்கள்.

ஆபீஸில் சொல்லலாமா? ப்ரமோஷன் போய்விடுமோ?

சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பாலிசியில் வெளிநோயாளி சிகிச்சைக்குப் பணம் உண்டா என்று தனியாகப் பாருங்கள்.

என் யோசனை: நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள், அதுவும் உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த பிறகு. 'வியாழக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு நான் கிளம்ப வேண்டும்' என்று கேட்க முழுக் கதையும் தேவையில்லை.

என் மனைவி இப்படித்தான் இருக்கிறாள் என்று தோன்றுகிறது. நான் என்ன செய்யட்டும்?

'யோசிக்காதே' என்று மட்டும் சொல்லாதீர்கள். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-ல், வெள்ளைக் கரடியைப் பற்றி ஐந்து நிமிஷம் நினைக்காமல் இருங்கள், நினைத்தால் மணி அடியுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட அவர்கள் அதிகமாகவே நினைத்தார்கள்.

'உனக்கென்ன குறை?' என்பதும் வேண்டாம். குறை இல்லாதபோதும் இப்படி இருக்கிறதே என்றுதான் அவர் ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் இருப்பார். 'உனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை என்று தெரியும். எவ்வளவு நாளாக இப்படி?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். முதல் தடவை 'ஒண்ணுமில்லையே' என்று பதில் வரும். இன்னொரு நாள் மறுபடி கேளுங்கள். டாக்டரிடம் நீங்களே அப்பாயின்ட்மென்ட் வாங்கி, கூடப் போங்கள். வீட்டு வேலையில் ஒன்றை முழுசாக உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள், 'என்ன செய்யணும்னு சொல்லு' என்று அவரிடமே கேட்காமல். என்னிடம் இதைக் கேட்ட கணவர்களில் ஒருவர் பால், கேஸ், மின்கட்டணம், ஸ்கூல் ஃபீஸ் நான்கையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். நான் கேள்விப்பட்டதிலேயே உருப்படியான உதவி அதுதான்.

முழுசாகக் குணமாகுமா?

பலருக்கு அன்றாடத்தைத் தொந்தரவு செய்யாத அளவுக்குக் குறைகிறது. ட்ரான்ஸ்ஃபர், பிரசவம், அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போவது போன்ற நேரங்களில் மறுபடி தலைகாட்டலாம். அப்போது கற்றுக்கொண்டதைத் திரும்ப எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் டாக்டரிடம் மறுபடி போக வேண்டும். எனக்கும் ஒரு தடவை திரும்பி வந்தது. இரண்டாம் தடவை போவதற்கு வெட்கமாக இருக்கவில்லை, சீக்கிரம் சரியாகவும் ஆனது.

சில ராத்திரிகளில், இப்படி ஓடுவதைவிட இல்லாமலே போய்விடலாம் என்று தோன்றுகிறது. அதை யாரிடம் சொல்வது?

இன்றைக்கே சொல்லுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கூட இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள். டெலி-மானஸ் 14416 எந்த நேரமும் எடுக்கும். தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் ஸ்நேகாவின் எண் 044-24640050. இலங்கையில் இருப்பவர்கள் தேசிய மனநல உதவி எண் 1926-க்கு அழைக்கலாம். என்ன பேசுவது என்று பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம், கோர்வையாகப் பேச வேண்டியதும் இல்லை. பெயர் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்ல வேண்டாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் இந்தியாவில் 108-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.